மொரீஷியஸ் ஃபண்டு ஆபீஸும் கிருஷ்ணகிரி மாங்கூழும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜனத்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 18 லட்சத்து 79 ஆயிரம். மொரீஷியஸ் நாடு முழுக்க எண்ணினாலும் 12 லட்சத்துச் சொச்சம்தான், பரப்பளவும் நம் மாவட்டத்தில் பாதி தேறாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அங்கே, வளரும் கம்பெனிகளில் பங்கு வாங்கிப் பணம் போடும் வெஞ்சர் கேபிடல் ஃபண்டுகளின் கணக்கு வழக்கைக் கவனிக்கும் கம்பெனி ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்று தெரிந்தால் போதும், "அங்க பணம் கொட்டிக் கிடக்குமாமே, நமக்கு ஏதாச்சும் வாங்கித் தர முடியுமா?" என்று கேட்காத ஆள் இல்லை. பணம் வந்தது உண்மை. ஆனால் பெரும்பாலும் அது அங்கே ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. சின்னத் தீவுகளில் முதலீட்டுப் பணம் எப்படி நடந்துகொள்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான், அதில் நிறைய விஷயம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தொழில் தொடங்குகிறவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

என் ஆபீஸ் எபென் சைபர் சிட்டியில், இந்தியா கொடுத்த கடனுதவியில் எழும்பிய சைபர் டவருக்குப் பக்கத்தில். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை, அதனால் முதல் மாசம் ஊர் ஏக்கமே தெரியவில்லை. வேலை என்ன என்றால் இதுதான். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிற ஒரு ஓய்வூதிய நிதியோ பணக்காரக் குடும்பமோ, ஒரு ஃபண்டுக்கு இவ்வளவு தருகிறோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கும், ஆனால் பணத்தை மொத்தமாகத் தராது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் முதலீடு என்று முடிவானதும் நாங்கள் எல்லாருக்கும் கேபிடல் கால் நோட்டீஸ் அனுப்புவோம்: உங்கள் பங்கு இவ்வளவு, பத்து வேலை நாளுக்குள் இந்த வங்கிக் கணக்கில் போடுங்கள். பணம் போர்ட் லூயிஸ் வங்கியில் வந்து விழும். உடனே போர்டு கூட்டம். உள்ளூரில் வசிக்கும் இயக்குநர்கள் இரண்டு பேராவது அதில் இருக்க வேண்டும், முக்கிய வங்கிக் கணக்கு அங்கே இருக்க வேண்டும், கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் அங்கேயே. அப்போதுதான் அந்தக் கம்பெனி மொரீஷியஸ் கம்பெனி என்று வரித்துறைச் சான்று கிடைக்கும். தீர்மானத்தில் 'விரிவாக விவாதித்த பின்' என்று நான் தட்டச்சு செய்த நேரத்தைவிட விவாதம் நடந்த நேரம் குறைவாக இருந்த நாட்களும் உண்டு. அடுத்த ஓரிரு நாளில் பணம் இந்தியாவுக்குக் கிளம்பிவிடும்.

ஏன் இந்தச் சுற்று வழி? 1983-இல் அமலுக்கு வந்த இந்தியா–மொரீஷியஸ் வரி ஒப்பந்தப்படி, மொரீஷியஸ் கம்பெனி இந்தியப் பங்கை விற்று வரும் லாபத்துக்கு இந்தியா வரி போட முடியாமல் இருந்தது, மொரீஷியஸிலோ அப்படி ஒரு வரியே கிடையாது. 2016-இல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளுக்கு இந்தியா வரி போடலாம் என்றாக்கினார்கள். 2018-19-இல் இந்தியாவுக்கு வரும் நேரடி அந்நிய முதலீட்டில் சிங்கப்பூர் முந்திக்கொண்டது. 2020 பிப்ரவரியில், கறுப்புப் பணப் புழக்கத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்-இன் சாம்பல் பட்டியலில் (கூடுதல் கண்காணிப்புப் பட்டியல்) வேறு மொரீஷியஸைச் சேர்த்தார்கள், வெளியே வர 2021 அக்டோபர் ஆனது. பழைய முதலீடுகளுக்கும் நிம்மதி இல்லை. ஃபிளிப்கார்ட் பங்கை விற்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் டைகர் குளோபலின் மொரீஷியஸ் கம்பெனிகளுக்கு வரி உண்டா இல்லையா என்ற வழக்கில் 2024-இல் தில்லி உயர்நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாகச் சொன்னது, வரித்துறை அதை உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது, 2026 ஜனவரியில் அங்கே தீர்ப்பு வரித்துறைக்குச் சாதகமாக வந்தது.

ஆக அந்தத் தீவு நம் கிருஷ்ணகிரி டோல்கேட் மாதிரி. சென்னை லாரி, சேலம் லாரி, பெங்களூர் லாரி எல்லாம் நம் ஊரைத் தொட்டுத்தான் போகின்றன. அதனால் ஊரில் பத்து ஹோட்டல், பஞ்சர் கடை, கொஞ்சம் வேலை இருக்கிறது. லாரிக்குள் இருக்கும் சரக்கு நம்முடையது இல்லை. மொரீஷியஸுக்கும் கணக்காளர், வழக்கறிஞர், நிர்வாக ஆபீஸ் என்று ஆயிரக்கணக்கில் நல்ல வேலை கிடைத்தது, நானே அதில் ஒருவன், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயே ஒரு தொழில் தொடங்கின பையனுக்கு அந்தப் பணத்திலிருந்து ஒரு ரூபாய் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அப்படி ஒரு பையன் எங்கள் ஆபீஸிலேயே இருந்தான். நான்கு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் குடும்பம், வீட்டில் பேசுவது கிரியோல். வேலையை விட்டுவிட்டு ஹோட்டல்களுக்கு அறை விலையைத் தானாக மாற்றும் மென்பொருள் செய்தான். பொருள் நன்றாகவே இருந்தது. பகலில் நாங்கள் லட்சக்கணக்கான டாலரை வேறு நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே கட்டடத்தில் அவன் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினான். எல்லாரும் காபி கொடுத்தார்கள், பாராட்டினார்கள், செக் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. கணக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், முதலீடு தேடி அலைகிற எல்லாரும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. ஒரு சின்ன ஃபண்டு, ஒரு கோடி டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் கட்டணம் வழக்கமாக வருஷத்துக்கு 2 சதவீதம், அதாவது 2 லட்சம் டாலர். அனுபவமுள்ள இரண்டு பேர் சம்பளம், ஆபீஸ், ஆடிட், வக்கீல், பயணம் என்று போனால் கையில் ஒன்றும் நிற்காது. பத்துக் கோடி டாலர் ஃபண்டுக்கும் ஏறக்குறைய இதே வேலைதான், கட்டணம் மட்டும் பத்து மடங்கு. அப்புறம் அந்த ஃபண்டு இருபது கம்பெனியில் பணம் போட்டால் பாதி மூழ்கும், ஐந்தாறு போட்ட காசைத் திருப்பும், மிச்சமுள்ள நாலைந்தில் ஒன்றிரண்டுதான் மொத்த ஃபண்டையும் தூக்கி நிறுத்த வேண்டும். அதனால் போடுகிற ஒவ்வொன்றுமே பல மடங்கு வளரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். நூறு சொச்சம் பெரிய ஹோட்டல் இருக்கிற தீவில், அத்தனை ஹோட்டலும் வாங்கினாலும் அந்த மென்பொருள் எவ்வளவு பெரிதாகிவிடும்? சரி, வளர்ந்தே விட்டது என்று வையுங்கள், பத்து வருஷ முடிவில் ஃபண்டு தன் பங்கை யாரிடம் விற்கும்? அங்கே பெரிய வியாபாரமெல்லாம் பெரும்பாலும் சர்க்கரைத் தோட்டக் காலத்திலிருந்து வந்த ஐபிஎல் (IBL), இஎன்எல், சியெல் போன்ற சில குழுமங்கள் கையில். ஒரு குழுமத்துக்குப் பங்கு கொடுத்தால் மற்ற குழுமத்தின் ஹோட்டல்கள் உங்கள் பொருளை யோசித்துத்தான் வாங்கும். பங்கை வாங்கவும் ஆள் இல்லை, பொருளை வாங்கவும் ஆள் இல்லை என்ற நிலைமை.

அதையும் தாண்டி ஒரு கம்பெனி வளர்ந்தால், வெளிநாட்டு முதலீட்டாளர் முதலில் கேட்பது, தலைமைக் கம்பெனியை சிங்கப்பூருக்கோ அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்துக்கோ மாற்று என்பதுதான். பெரிய நாட்டுக்கே இந்த கதி. பெங்களூரில் பிறந்த ஃபிளிப்கார்ட்டின் தலைமைக் கம்பெனி சிங்கப்பூரில் இருந்தது, மலேசியாவில் தொடங்கின வாடகைக் கார் செயலி கிராப் சிங்கப்பூருக்குக் குடிபோனது.

எல்லாத் தீவும் இப்படித் தோற்றதா என்றால் இல்லை. ஐஸ்லாந்தில் நான்கு லட்சம் பேர்கூட இல்லை. 2008-இல் அவர்களுடைய மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன, பணம் வெளியே போகக் கட்டுப்பாடு போட்டார்கள், அது 2017 வரை நீடித்தது. வெளிநாட்டில் முதலீடு செய்ய முடியாமல் நின்ற ஓய்வூதிய நிதிப் பணத்தில் ஒரு துளி உள்ளூர் வெஞ்சர் ஃபண்டுகள் பக்கம் திரும்பியது. எனக்குப் பிடித்த உதாரணம் கெரெசிஸ் என்ற கம்பெனி. ஈசாஃபியோர்தூர் என்று மூவாயிரம் பேர்கூட இல்லாத மீன்பிடி ஊர், நம் பக்கத்துப் பெரிய கிராமம் ஒன்றில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அங்கே காட் மீனின் தோலை வைத்து ஆறாத புண்ணுக்குப் போடும் மருத்துவப் பொருள் செய்தார்கள், 2023-இல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் 130 கோடி டாலர் வரை தருவதாகச் சொல்லி அதை வாங்கியது. கவனிக்க வேண்டியது என்ன? மூலப்பொருள் உள்ளூர் மீன்தோல், முக்கியச் சந்தை அமெரிக்க மருத்துவமனைகள். உள்ளூரில் விற்று வளரலாம் என்ற எண்ணமே அங்கே எழ வழியில்லை.

சிங்கப்பூர் வேறு ரகம், அரசாங்கமே பையைத் திறந்தது. 1999-இல் நூறு கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. 2008-இல், தனியார் ஃபண்டு ஒன்று ஒரு கோடி சிங்கப்பூர் டாலர் திரட்டினால் அரசு தன் பங்காக இன்னொரு கோடி போடும் என்று திட்டம் கொண்டுவந்தது. எல்லாத் தீவாலும் அது முடியாது.

ஜமைக்கா செய்தது நமக்குக் கொஞ்சம் எட்டக்கூடியது. 2009 ஏப்ரலில் அவர்கள் பங்குச் சந்தையில் 'ஜூனியர் மார்க்கெட்' என்று ஒன்று திறந்து, அதில் பட்டியலாகும் சின்னக் கம்பெனிக்கு முதல் ஐந்து வருஷம் வருமான வரி இல்லை, அடுத்த ஐந்து வருஷம் பாதி வரி என்றார்கள். வரிச்சலுகைக்காகவே குடும்பக் கம்பெனிகள் கணக்கை ஒழுங்காக எழுத ஆரம்பித்தன, நாற்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் வந்தன. வெஞ்சர் ஃபண்டு இல்லாத இடத்தில், பணம் போட்டவர் பங்கை விற்று வெளியேற ஒரு கதவை முதலில் கட்டினார்கள். ஒரு லட்சம் சொச்சம் பேர் உள்ள செஷெல்ஸ் இன்னொரு வழி போனது: 2018-இல் கடல் வளத்துக்கென்று ஒன்றரைக் கோடி டாலர் 'நீலப் பத்திரம்' வெளியிட்டு, அந்தப் பணத்தில் மீன்பிடித் துறைக்கு மானியமும் வளர்ச்சி வங்கி மூலம் கடனும் கொடுத்தது. பங்கும் இல்லை, வெஞ்சரும் இல்லை, தேவைக்கேற்ற பணம்.

நம் ஊருக்கு வருகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வெஞ்சர் கேபிடல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர் ஃபேக்டரிகள், இரண்டு கம்பெனியுமே முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து பின்பு பங்குச் சந்தைக்குப் போனவை. வேலை வந்தது, நிலத்தின் விலை ஏறியது, பங்கின் லாபம் வேறெங்கோ போனது. குறை சொல்லவில்லை, மொரீஷியஸில் பார்த்த அதே காட்சி. இங்கேயே பிறந்த தொழிலுக்குப் பணம் கேட்டுப் போனால்தான் தீவுக் கணக்கு முகத்தில் அடிக்கிறது.

மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருப்பவரின் மகன் ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணா, அஞ்சு கோடி ஈக்விட்டி கிடைச்சா அடிச்சுத் தூக்கிடலாம்ணா" என்றார். எதற்கு அந்தப் பணம் என்று பிரித்துக் கேட்டேன். மே முதல் ஜூலை வரை பெங்களூரா ரக மாங்காய் கொள்முதல், அதை அரைத்து 215 கிலோ டிரம்மில் கிருமி நீக்கிய அசெப்டிக் பையில் அடைத்து வைத்து, வருஷம் முழுக்க ஜூஸ் கம்பெனிக்கும் வளைகுடா ஏற்றுமதிக்கும் விற்பது. மூன்று மாசத்தில் பணம் போகிறது, பன்னிரண்டு மாசத்தில் திரும்பி வருகிறது. இது சரக்கின் மேல் முடங்கும் பணம், இதற்குப் பங்கை விற்பது வீண். வங்கியில் சீசனுக்கான கடன் லிமிட், ஏற்றுமதி ஆர்டர் இருந்தால் அதை வைத்துத் தரும் பேக்கிங் கிரெடிட் கடன், சொத்துப் பிணை போதாவிட்டால் சிறுதொழில் கடனுக்கான சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதம் (2025 ஏப்ரலிலிருந்து அதன் உச்சவரம்பு 10 கோடி). "நீட்ஸ் திட்டத்துல 25 சதவீதம் மானியம் உண்டாமேண்ணா?" என்றார். தமிழக அரசுத் திட்டம் அது. மானியம் உண்டுதான், 75 லட்சம் வரை, ஆனால் அது முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு. "உங்க அப்பா பேர்ல ஃபேக்டரி ஓடுது தம்பி, அங்க போய் நிக்காதீங்க" என்றேன். 2025 சீசனில் பழைய கூழ் தேங்கி ஃபேக்டரிகள் கொள்முதலைக் குறைத்ததையும், மாங்காய் விலை விழுந்து விவசாயிகள் தெருவுக்கு வந்ததையும் அவரே பார்த்தவர். அப்படி ஏறி இறங்கும் தொழிலில், ஏழு வருஷத்தில் பத்து மடங்கு கேட்கிற ஒருவரைப் பங்காளி ஆக்கிக்கொண்டால், விலை விழுந்த வருஷத்தில் குடும்பமே நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

இன்னொரு ஜோடி தர்மபுரி இன்ஜினியரிங் பையன்கள், புளிக்குக் கொட்டை எடுக்கும் இயந்திரம் செய்கிறவர்கள். நம் பக்கம் இந்த வேலையைப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குச் செய்வது எல்லாருக்கும் தெரியும். இயந்திரத்தை நேரில் போய்ப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்த புளி என்றால் சொன்னபடி கேட்கிறது. கொஞ்சம் ஈரம் ஏறினால் நார் உருளையில் சுற்றிக்கொள்கிறது, கொட்டை உடைந்து புளியோடு கலந்துவிடுகிறது, ஒவ்வொரு அரைமணிக்கும் நிறுத்திக் கத்தியால் நாரை அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. அதைச் சரிசெய்யவே ஒரு சீசன் போனது. ஆனால் இது வளரக்கூடிய தொழில், ஏனென்றால் புளி இருக்கிற இடமெல்லாம் இதற்குச் சந்தை: இந்துப்பூர், தும்கூர், பஸ்தரின் ஜக்தல்பூர். முதல் இயந்திரத்தைத் தர்மபுரி மண்டியில் தெரிந்தவருக்கு விற்க வேண்டாம் என்று சொன்னேன். தெரிந்தவர் முகத்துக்காக வாங்குவார், அந்த விற்பனையைக் காட்டி எந்த முதலீட்டாளரையும் நம்பவைக்க முடியாது. இந்துப்பூரில் முன்பின் தெரியாத ஒரு வியாபாரி காசு கொடுத்து வாங்கினால், அது பேசும்.

அவர்களைப் பார்க்க பெங்களூரிலிருந்து ஒரு ஃபண்டு ஆள் வந்தார். அவர் போனபிறகு என்னிடம் கேட்டார்கள், "சார், அவர்கிட்ட நாங்க என்ன கேட்கணும்?" நான் சொன்ன முதல் கேள்வி, உங்கள் ஃபண்டு எந்த வருஷம் தொடங்கியது? பெரும்பாலும் பத்து வருஷ ஆயுள், அதற்குமேல் ஓரிரு வருஷம் நீட்டிக்கலாம். அந்த நீட்டிப்புத் தீர்மானங்களை அங்கே நிறையவே எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றின் பின்னாலும் விற்க முடியாமல் மாட்டிக்கொண்ட கம்பெனிகள் இருக்கும். ஏழாம் வருஷத்தில் இருக்கும் ஃபண்டு உங்களுக்குப் பணம் போட்டால், மூன்று வருஷத்தில் 'விற்றுவிடு' என்று நெருக்கும். அடுத்த கேள்வி, எங்கள் கம்பெனியின் அடுத்த சுற்று முதலீட்டுக்கு உங்களிடம் ஒதுக்கி வைத்த பணம் இருக்கிறதா? அப்புறம் ஒப்பந்தத்தில் இரண்டு இடம். கம்பெனி விற்றால் முதலீட்டாளர் தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் பிரிவு ஒரு மடங்கா, இரண்டு மடங்கா? அவர்கள் விற்க முடிவு செய்தால் உங்கள் பங்கையும் சேர்த்து விற்கக் கட்டாயப்படுத்தும் பிரிவு எந்த வருஷத்திலிருந்து? பதிவு அலுவலகத்தைப் பெங்களூருக்கு மாற்றச் சொன்னதைப் பற்றித்தான் பையன்கள் ரொம்பக் கவலைப்பட்டார்கள். என்னைக் கேட்டால் முகவரி எங்கே இருந்தாலும் பரவாயில்லை, இந்த இரண்டு பிரிவும்தான் யார் முதலாளி என்று தீர்மானிக்கும்.

ஊரில் பணம் இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிரானைட் பணம், கூழ் பணம், ஓசூரில் நிலம் விற்ற பணம், எல்லாம் இருக்கிறது, திரும்பவும் நிலத்திலேயே போய் விழுகிறது. ஒரு மாமா, "நாலு பேர் சேர்ந்து நாமளே ஒரு ஃபண்டு போட்டா என்னப்பா?" என்றார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த வெஞ்சர் ஃபண்டு என்றால் குறைந்தது 20 கோடி திரட்ட வேண்டும், ஒருவர் ஒரு கோடிக்குக் குறையாமல் போட வேண்டும். பதிவு இல்லாமல் ஊரார் பணத்தை வாங்கிச் சுழற்றினால் 2019-இன் டெபாசிட் தடைச் சட்டம் பாயும், அந்தப் பக்கமே போக வேண்டாம். நான்கு பேர் நேரடியாக ஒரு கம்பெனியில் பங்கு வாங்கலாம், தடையில்லை. அப்படி வாங்கும்போது சாதாரணப் பங்குக்குப் பதில், திருப்பிக் கொடுக்கக்கூடிய முன்னுரிமைப் பங்காக வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். கம்பெனிச் சட்டப்படி 20 வருஷத்துக்குள் கம்பெனியே தன் லாபத்திலிருந்து அதைத் திருப்பிக் கொடுத்து முடிக்கலாம். பங்கை வாங்க மூன்றாவது ஆளைத் தேட வேண்டியதில்லை. அந்தத் தீவுப் பையனுக்கு யாராவது இப்படி ஒரு பணம் கொடுத்திருந்தால், அவன் இன்றைக்கு வேறு ஒருவருக்குச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். பத்திரம் எழுதும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். லாபம் இல்லாத வருஷத்தில் திருப்பிக் கேட்க முடியாது என்பதை மாமா மாதிரி ஆட்களுக்கு அவர்தான் உறைக்கிற மாதிரி சொல்வார்.

புளிப் பையன்கள் பெங்களூர் ஆளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குமுன் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீடு என்ற தொடக்க நிதித் திட்டத்துக்கு மனு போட்டிருக்கிறார்கள், 3 சதவீதப் பங்குக்கு 10 லட்சம், கிராமப்புறத் தொழில் என்று ஏற்றுக்கொண்டால் 15. இந்துப்பூர் வியாபாரி இரண்டு இயந்திரம் கேட்டிருக்கிறார், பணம் சீசன் முடிந்து தருகிறேன் என்கிறார். பாதி அட்வான்ஸ் வாங்காமல் லாரியில் ஏற்றாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு அவர் ஒத்துக்கொண்டால் ஜனவரியில் ஒன்று போகும்.